பக்கவாசல்

நெடுந்தீவு மத்தி
06.09.2022

தம்பியின்ரை அப்பாவுக்கு ஜெனீற்றா அன்போடை எழுதுறது.

ஆண்டவற்றை இரக்கத்தாலை நானும் பிள்ளையும் இஞ்சை சுகம். உங்களுக்கு நெஞ்சுச் சளி குறைஞ்சுதோ? உந்தப் பக்கத்து மழை எங்கடை மழையைப்போலை இல்லையாம். தலையை நல்லாத் துவட்டிப்போட்டுப் படுங்கோ.

நீங்கள் வள்ளம் ஏறின அண்டைக்குப் பின்னேரம் பொலிஸ்காரர் திரும்பவும் வந்தவை. எங்கடை தம்பி மிதுஷன்ரை பெட்டி, பழைய கொப்பியள் எல்லாத்தையும் கிண்டிப்போட்டு, என்ரை போனையும் பிள்ளை சுலக்சனாவின்ரை போனையும் விசாரணைக்கெண்டு கொண்டுபோட்டினம். உங்கடையைத்தான் முதலே எடுத்தாச்சே. அயலிலை கேட்டால் தருவினம். ஆனா எங்களோடை கதைச்சதெண்டு நாளைக்கு அவையளுக்கும் ஒரு கரைச்சல் வரக்கூடாது. இனிக் கடிதம்தான். மகன் கம்பஸ் பிள்ளையளோடை சேந்து கொழும்பிலை ஊர்வலம் போனான், பிடிபட்டான், இப்ப கம்பஸ் பக்கத்து மறியற்சாலையிலை கிடக்கிறான். அதுக்கு இஞ்சை கடலுக்கு நடுவிலை இருக்கிற தாய்க்குப் போன் இல்லை.

ஒரு நல்ல சேதியும் இருக்கு. பிள்ளைக்கு உயர்தர றிசல்ட் வந்திட்டுது. பூசை முடிஞ்சு வாறன், ஜெயந்தா ரீச்சர் றோட்டிலை நிண்டு கத்துறா: "ஜெனீற்றா, உன்ரை பெட்டை நல்ல பாஸடி!" உயிரியலும் இரசாயனமும் ஏ, பௌதிகம் பி. ரீச்சர் துள்ளினா. இவள் துள்ளேல்லை. வீட்டை வந்து சட்டையை மாத்திப்போட்டு மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போட்டாள். தொட்டியடியிலை நிண்டுகொண்டு கேட்டாள்: "அம்மா, அண்ணாக்கு இது எப்பிடித் தெரியவரும்?"

விண்ணப்பம் போடவேணும். எதை முதலாவதாப் போடுறது, எதை ரண்டாவதாப் போடுறதெண்டு நாங்கள்தான் முடிவெடுக்கவேணுமாம். அவள் என்ன கேப்பாள் எண்டு உங்களுக்குத் தெரியும். எங்கடை சிவலைப் பசு கண்டு போடேலாமல் ஒரு பகல் முழுக்கக் கிடந்து கத்தி, வேலணையிலையிருந்து மிருக வைத்தியர் வர வள்ளமில்லாமல் செத்துப்போச்சுதெல்லோ, அண்டையிலையிருந்து அவளுக்கு அந்தப் படிப்புத்தான். அது இலங்கையிலை ஒரேயொரு கம்பஸிலைதான் இருக்காம். தம்பி படிச்ச கம்பஸ்.

என்ன செய்யிறதெண்டு எழுதுங்கோ. தம்பியைக் கண்டீங்களோ?

உங்கடை கடிதத்துக்காக வழி பாத்திருக்கிற,
ஜெனீற்றா

---

19.09.2022

அன்பின் ஜெனீற்றாவுக்கு,

நான் சுகமாயிருக்கிறன். நீரும் பிள்ளையும் அப்பிடியே இருக்கவேணுமெண்டு மாதாவை மன்றாடுறன். சளி பரவாயில்லை.

மறியற்சாலை வாசலுக்குக் கிட்ட ஒரு பேக்கரியிலை நிக்கிறன். முதலாளி முஸ்லிம் மனுசன், தமிழ் கதைப்பார். மா மூட்டை இறக்கிறது, விறகு கொத்துறது என்ரை வேலை. பின்பக்கத்திலை படுக்க இடம் தந்திருக்கிறார். பார்வையிடுற நாளிலை போய்வரவும் விடுறார். "உங்கட மகன் களவெடுத்துப் போகல்லியே" எண்டு சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக நான் அந்த மனுசனுக்கு எவ்வளவு விறகும் கொத்துவன்.

தம்பியைக் கண்டனான். கொஞ்சம் மெலிஞ்சுதான் இருக்கிறான், ஆனா நல்லாயிருக்கிறான். தாடி விட்டிருக்கிறான். தங்கச்சி பாஸ் எண்டு சொன்னவுடனை கம்பிக்கு அங்காலை நிண்டு கை தட்டினவன். காவலாளி வந்து அதட்டினவன். பிறகு வேறை கொஞ்சம் கதைச்சனாங்கள். அதை நேரிலை சொல்லுறன்.

விண்ணப்பத்துக்கு வாறன். யாழ்ப்பாணக் கம்பஸை முதலாவதாப் போடும். அதுக்குப் பிறகு கல்வியியற் கல்லூரி, தாதிப் படிப்பு எண்டு எது கிட்டவோ அது. மிருக வைத்தியம் வேண்டாம். அந்தக் கம்பஸ் வேண்டாம். ஒரு பிள்ளையைப் புட்டும் பொரியலும் கட்டிக் குடுத்து அந்த ஊர் பஸ்ஸிலை ஏத்திவிட்ட கை இது. இன்னொரு தரம் இந்தக் கையாலை ஏலாது. அவள் அழுவாள். அழட்டும். அழுகிற பிள்ளை வீட்டிலை இருக்கிறது நல்லம்.

கறுவல் நாம்பன் மாட்டைக் கடற்கரைப் பக்கம் விடாதையும். கால் நோவோடை நிக்குது.

இப்படிக்கு,
மரியநாயகம்

---

நெடுந்தீவு
03.10.2022

தம்பியின்ரை அப்பாவுக்கு,

கடிதம் கண்டு மனம் ஆறினது. நாங்கள் தேக சுகத்துக்குக் குறைவில்லை. நாம்பனுக்குப் பிள்ளை மருந்து கட்டி, இப்ப நடக்குது.

டீசல் இல்லையெண்டு வள்ளம் குறைச்சுப்போட்டினம். ரண்டு நாள் துறைமுகத்திலை வரிசையிலை நிண்டுதான் இடம் கிடைச்சது. குறிகட்டுவானிலையிருந்து பஸ்ஸிலை வேலணைக்குப் போய், அங்கை ஒரு கொம்பியூட்டர் கடையிலை விண்ணப்பம் போட்டம். பஸ்ஸுக்குள்ளை நீங்கள் எழுதினதை அவளுக்கு வாசிச்சுக் காட்டினனான். அவள் அழேல்லை. யன்னலுக்கு வெளியிலை பாத்துக்கொண்டு சொன்னாள்:

"அண்ணா செய்தது பிழையெண்டு அப்பா நினைக்கிறாரோ?"

"அப்பா பயப்படுறார், பிள்ளை."

"அப்ப, பயப்படுறதெண்டு எழுதியிருக்கலாம்தானே."

நான் கடிதத்தை மடிச்சுப் பைக்குள்ளை வைச்சன். நாரந்தனைப் பக்கத்துப் பெட்டையள் ரண்டு பேர் தாய் தேப்பனோடை கடைக்கு வந்திருந்தவை. எல்லாற்றை முகத்திலையும் சிரிப்பு. எங்களைக் கண்டவுடனை ஒரு தேப்பன் தன்ரை பிள்ளையை மற்றப் பக்கத்துக் கதிரையிலை இருத்தினார். பேப்பரிலை மிதுஷன்ரை படம் வந்ததெல்லோ.

விண்ணப்பம் போட்டு முடிஞ்சுது. யாழ்ப்பாணமும் அதிலை இருக்கு. அதைப்பற்றி நீங்கள் இனி யோசியாதையுங்கோ.

தம்பி தங்கச்சிக்கு ஒரு வரி எழுதித் தரக்கூடாதோ? அவள் தபால்காரன்ரை சைக்கிள் சத்தம் கேட்டால் படலைக்கு ஓடுறாள். அவன் நேரத்துக்குச் சாப்பிடுறானோ? படுக்கப் பாய் குடுத்தவையோ?

உங்கள் நினைவாயிருக்கிற,
ஜெனீற்றா

---

30.10.2022

அன்பின் ஜெனீற்றா,

பதில் பிந்திப்போச்சு, கோவியாதையும். பேக்கரியிலை வேலை கூட. இஞ்சை விடாத மழை. எனக்குக் குறையொண்டுமில்லை. உங்கடை சுகத்துக்கும் குறை வரக்கூடாது.

வழக்குத் தவணை வந்தது. பிறகும் ஒரு தவணை போட்டிட்டினம். சட்டத்தரணி ஒரு சிங்களப் பிள்ளை, வயசு முப்பதும் இராது. ஓடி ஓடித்தான் செய்யிறா. பொறுங்கோ எண்டுறா. பொறுக்கிறதைத் தவிர நாங்கள் வேறை என்ன படிச்சனாங்கள்.

தம்பிக்கு எழுத மனமில்லைப்போலை. பேந்து எழுதுவான். சாப்பாட்டைப்பற்றிக் கேட்டிருந்தீர். மூண்டு நேரமும் சாப்பாடு குடுக்கினம். பாயும் குடுத்திருக்கினம்.

விண்ணப்பம் போட்டது சந்தோசம். பிள்ளையைக் கனக்க யோசிக்க விடாதையும். கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போம்.

இப்படிக்கு,
மரியநாயகம்

---

நெடுந்தீவு
07.11.2022

தம்பியின்ரை அப்பாவுக்கு,

நாங்கள் இருக்கிறம். நீங்கள் எப்பிடி இருக்கிறீங்களெண்டு உண்மையா எழுதுங்கோ.

உங்கடை கடிதத்தை எத்தினை தரம் வாசிச்சனெண்டு தெரியாது. சாப்பாடு குடுக்கினம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். சாப்பிடுறான் எண்டு எழுதேல்லை. எழுத மனமில்லைப்போலை எண்டு எழுதியிருக்கிறீங்கள். அவனைக் கண்ட ஆள் "போலை" எண்டு எழுதுமோ? உங்களோடை இருபத்தைஞ்சு வருசமாக் குடும்பம் நடத்துறன். மீன் படாத அண்டைக்கு நீங்கள் வலையைப்பற்றிக் கதைப்பீங்கள். இப்ப மழையைப்பற்றியும் சட்டத்தரணியின்ரை வயசைப்பற்றியும் கதைக்கிறீங்கள்.

என்ன நடந்தது?

இஞ்சத்தைப் பாட்டை நான் மறைக்கேல்லை, கேளுங்கோ. நான் படிப்பிக்கிற முன்பள்ளிக்கு மூண்டு பிள்ளையள் வாறேல்லை. ஏனெண்டு தாய்மார் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. போன செவ்வாய்க்கிழமை திரும்பவும் ரண்டு பேர் வந்தவை. இந்தமுறை தம்பியைப்பற்றி ஒண்டும் கேக்கேல்லை. சுலக்சனாவைக் கூப்பிட்டு, "நீங்க எந்த கேம்பஸ் போட்டிருக்கீங்க?" எண்டு கேட்டவை. பிள்ளை மாட்டுக்கொட்டிலிலையிருந்து சாணிக் கையோடை வந்து நிண்டு, "இன்னும் ஒண்டும் வரேல்லை" எண்டு சொன்னாள். அவையள் போனாப் பிறகு கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். போதும் பிள்ளை எண்டு நான்தான் வாளியை எடுத்தனான்.

அவளின்ரை தட்டிலை சோறு அப்பிடியே கிடக்குது. நீங்கள் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் வெளிக்கிட்டு வருவன்.

ஜெனீற்றா

---

16.11.2022

ஜெனீற்றா,

உமக்கு நான் பொய் எழுதேல்லை. ஆனா உண்மையும் எழுதேல்லை.

தம்பி சாப்பிடுறேல்லை. அவனும் அவனோடை பிடிபட்ட மற்றப் பிள்ளையளும், தங்களை வழக்குக்கு எடு, இல்லாட்டி விடு எண்டு சாப்பாட்டை விட்டிட்டினம். தண்ணி மட்டும் குடிக்கினம். மற்றப் பிள்ளையள் ஒவ்வொருத்தராத் தளந்துபோய்ச் சாப்பிட்டிட்டினம். எங்கடையவன் மாட்டனெண்டு நிக்கிறான். போன கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேலைன் ஏத்துகினம்.

நான் அவனை அந்த முதல் நாளுக்குப் பிறகு காணேல்லை. ஒவ்வொரு தரமும் போறனான். பேரைக் குடுக்கிறனான். உள்ளுக்கையிருந்து ஆள் வந்து, அவர் வரமாட்டாராம் எண்டு சொல்லும். நான் பேக்கரிக்குத் திரும்பிவந்து விறகு கொத்துவன்.

முதல் நாள் நான் அவனோடை கதைச்சதை உமக்கு எழுதாமல் விட்டனான். கம்பஸாலை அவனுக்கு ஒரு கடதாசி வந்திருந்தது. தன்னைப் பிழையாக் கூட்டிக்கொண்டு போட்டினம் எண்டு எழுதி, கூட்டிக்கொண்டு போனவையின்ரை பேரையும் எழுதிக் குடுத்தால் திரும்பப் படிக்கலாமாம். நான் சொன்னனான்: "எழுதிக் குடடா. ஊராற்றை பிள்ளையளின்ரை பேர்தானே." அவன் என்னை ஒரு பார்வை பாத்தான். "அப்பா, எங்கடை மாமாவின்ரை பேரையும் ஆரோ இப்பிடித்தான் குடுத்திருப்பினம்" எண்டான். பிறகு உள்ளுக்குப் போட்டான்.

உம்முடைய அண்ணையைப் பிடிச்சுக்கொண்டு போனதைப்பற்றி நாங்கள் அவனோடை கதைச்சதேயில்லை. அவனுக்கு எப்பிடித் தெரியும், ஜெனீற்றா?

நீர் வராதையும். வந்து என்னோடை வாசலிலைதான் நிப்பீர். பிள்ளையைத் தனிய விடாதையும்.

மரியநாயகம்

---

நெடுந்தீவு
24.11.2022

தம்பியின்ரை அப்பா,

சுகம் கேக்க எனக்கு இப்ப வாய் வரேல்லை.

நேற்றுச் சுவாமியாரிட்டைப் போய் அவற்றை போனிலை ஆஸ்பத்திரிக்கு அடிப்பிச்சனான். அப்பிடியொரு நோயாளியைப்பற்றிச் சொல்லேலாதாம். பெத்தவள் எண்டு சொல்லுங்கோ சுவாமி எண்டு கும்பிட்டன். அவர் சொன்னார். அங்காலை போனை வைச்சிட்டினம்.

எப்பிடியாவது உள்ளுக்குப் போங்கோ. ஆற்றையாவது காலிலை விழுங்கோ. நேவிக்காறரோடை மீன் வித்துப் பழகின சிங்களம் உங்களிட்டை இருக்குத்தானே, அதைக் கொண்டு கெஞ்சுங்கோ. நான் ஒரு நாளும் உங்களை ஒருத்தரிட்டையும் கெஞ்ச விடேல்லை. இப்ப சொல்லுறன்.

பிள்ளைக்கு எல்லாம் சொல்லிப்போட்டன். அவள் சொன்னது: "அண்ணாட்டைச் சொல்லச் சொல்லுங்கோ, நான் சாப்பிடுறன், அவரும் சாப்பிடட்டாம்." சொல்லிப்போட்டு எனக்கு முன்னாலை குந்தியிருந்து ஒரு கோப்பை சோறும் அழுதழுது சாப்பிட்டாள்.

ஜெனீற்றா

---

05.12.2022

அன்பின் ஜெனீற்றாவுக்கு,

தம்பியைக் கண்டிட்டன். உயிரோடை இருக்கிறான். முதலிலை இதை வாசியும், மிச்சத்தைப் பிறகு ஆறுதலா வாசியும்.

ஆஸ்பத்திரி வாட்டிலை காவலுக்கு நிண்டவன் சின்னப் பொடியன். என்னைக் கண்டு, "மேயாகே தாத்தாத?" எண்டான். இவற்றை அப்பாவோ எண்டு கேக்கிறான். ஓமெண்டன். மற்றப் பக்கம் திரும்பி நிண்டான். நான் உள்ளுக்குப் போனன்.

ஒரு கையைக் கட்டிலோடை சேத்து விலங்கு போட்டிருக்கினம். எழும்பி இருக்கவே ஏலாதவனுக்கு ஏன் விலங்கெண்டு எனக்கு விளங்கேல்லை. நான் கிட்டப்போய் நிக்க, கண்ணைத் திறந்தான்.

"அப்பா, உங்களோடை எனக்குக் கோவமில்லை. உங்களைப் பாத்தால் நான் சாப்பிட்டிடுவன். அதுதான் வாசலுக்கு வராமல் விட்டனான்."

நான் தங்கச்சி சொன்னதைச் சொன்னன். சிரிக்கப் பாத்தான். உதடு வெடிச்சிருந்தது.

"அவள் எதை முதலாவதாப் போட்டவள்?"

"யாழ்ப்பாணம்."

"ஏன்? மாட்டு டொக்டர்?"

"உன்னாலைதான்ரா" எண்டு என்ரை வாய் சொல்லிப்போட்டுது. அந்தக் கோலத்திலை கிடக்கிற பிள்ளைக்கு நான் அதைச் சொன்னனான்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். பிறகு சொன்னான்: "அப்ப அவளையும் என்னோடை உள்ளுக்குப் போட்டிட்டீங்களப்பா."

காவல்காரப் பொடியன் இருமினான். நான் போத்திலிலை கொண்டுபோன இளநியைக் காட்டினன். "தங்கச்சி சாப்பிடுறாள் எண்டால் நானும் கொஞ்சம் குடிக்கிறன்" எண்டான். ரண்டு மிடறு. என்ரை கையாலை.

ஜெனீற்றா, நான் பிழை விட்டிட்டன். உம்மைக் கொண்டு யாழ்ப்பாணத்தை முதலாவதாப் போடுவிச்சிட்டன். அதை இனி மாத்த வழியிருக்கோ எண்டு ஜெயந்தா ரீச்சரிட்டைக் கேட்டுப் பாரும்.

மரியநாயகம்

---

நெடுந்தீவு
14.12.2022

தம்பியின்ரை அப்பாவுக்கு,

அவன் குடிச்ச ரண்டு மிடறுக்கும் மாதாவுக்கு மெழுகுதிரி கொழுத்தினனான். நீங்களும் தெம்பா இருங்கோ.

புயலுக்குப் பிறகு இண்டைக்குத்தான் வெளியிலை தலை நீட்டுறம். கொட்டில் கூரை காத்தோடை போச்சு. போன் கோபுரம் வேலை செய்யேல்லை. வள்ளம் எப்ப ஓடுமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தை நேவிக் கப்பலிலை போற தாதிப் பிள்ளையிட்டைக் குடுத்துவிடுறன்.

மாத்த வழியிருக்கோ எண்டு கேட்டிருந்தீங்கள். மாத்தத் தேவையில்லை. அண்டைக்கு வேலணையிலை முதலாவதா மிருக வைத்தியத்தைத்தான் போட்டனாங்கள். கடைக்காரன் எதை முதலிலை போடுறதெண்டு கேட்க, பிள்ளை என்னைப் பாத்தாள். யாழ்ப்பாணம் எண்டு சொல்லத்தான் வாய் திறந்தனான். அவள் பாத்த பார்வையிலை எனக்கு அது வரேல்லை. உங்களுக்கு எழுதவும் துணிவு வரேல்லை. புயலுக்கு முதல் நாள் சேதி வந்தது. அவளுக்கு அது கிடைச்சிட்டுது. எங்கடை தீவிலையிருந்து அந்தப் படிப்புக்கு முந்தி ஆரும் போனதா ஜெயந்தா ரீச்சருக்குத் தெரியாதாம்.

இதை எழுதி நீங்கள் சந்தோசப்பட முதல் மற்றதையும் எழுதிப்போடுறன். நான் அவளைப் பதிய விடமாட்டன்.

நீங்கள் அந்த விலங்கைப்பற்றி எழுதினீங்கள். அதுக்குப் பிறகு எனக்கு நித்திரையில்லை. கண்ணை மூடினால் அந்தக் கட்டிலிலை தம்பி இல்லை, பிள்ளை கிடக்கிறாள். நான் ஒரு அண்ணையைப் பறிகுடுத்த வீட்டிலை பிறந்தனான். எங்கடை அம்மா கடைசி மட்டும் இருமல் சத்தம் கேட்டால் அவன்தானெண்டு எழும்புவா. எனக்கு அந்தச் சீவியம் வேண்டாம். அவள் மாட்டு டொக்டராக வேண்டாம். உயிரோடை எனக்கு முன்னாலை இருந்தால் போதும். பதியிற கடைசி நாள் இருபதாந் தேதி. அது தன்ரை பாட்டிலை போகட்டும்.

அவளுக்குச் சொல்லிப்போட்டன். அவள் எழும்பிக் கொட்டிலடிக்குப் போட்டாள்.

ஜெனீற்றா

---

17.12.2022

ஜெனீற்றா,

உம்முடைய கடிதம் இண்டைக்குக் காலமைதான் கைக்கு வந்தது. சுவாமியாற்றை போனுக்கு அடிச்சுப் பாத்தன், எடுபடேல்லை. இது இருபதாந் தேதிக்கு முதல் உம்மட்டை வரவேணுமெண்டு தபால் கந்தோர்க்காரனைக் கும்பிட்டுத்தான் போடுறன்.

பிள்ளையைப் பதிய விடும். நீர் செய்ததுக்கு எனக்குக் கோவமில்லை. உம்முடைய பயம்தான் என்ரை பயமும். ஆனா நாங்கள் ரண்டு பேரும் பயந்து பயந்து அவளைக் கொட்டிலிலை கட்டி வைச்சால், அண்டைக்கு அவள் எங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாள்? நான் இஞ்சைதான் நிக்கிறன். கம்பஸ் வாசலுக்கும் மறியல் வாசலுக்கும் ஒரே பஸ். ரண்டு பிள்ளையளையும் நான் பாப்பன்.

தம்பி இப்ப கஞ்சி குடிக்கிறான். நத்தார்ப் பெருநாள் முடிய வழக்கை எடுக்கிறதெண்டு எழுத்திலை குடுத்திருக்கினம். கடிதத்தோடை ஓடிப்போய்த் தங்கச்சிக்கு இடம் கிடைச்சதைச் சொன்னவுடனை அவன் கேட்ட முதல் கேள்வி, தங்கச்சி பதிஞ்சிட்டாளோ எண்டுதான். நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன். என்னைப் பொய்யனாக்கிப்போடாதையும்.

மரியநாயகம்

---

நெடுந்தீவு
29.12.2022

தம்பியின்ரை அப்பாவுக்கு,

நத்தார் எங்களுக்கு வெறும் பூசையோடை போச்சுது. அங்கை உங்களுக்கு ஆரும் ஒரு துண்டு கேக் தந்தவையோ?

உங்கடை கடிதம் இருபத்துநாலாந் தேதிதான் வந்தது. அதை வாசிக்கேக்கை எல்லாம் முடிஞ்சுபோச்சு.

பத்தொன்பதாந் தேதி காலமை மாட்டைப் பாக்கப் போறனெண்டு போனவள். மத்தியானமாகியும் காணேல்லை. கிணத்தடி, கடற்கரை எல்லாம் தேடினன். கடற்கரையிலை என்னத்தைத் தேடினனெண்டு நான் உங்களுக்கு எழுதமாட்டன். சின்னாச்சியக்கா ஓடிவந்து, "உன்ரை பெட்டை மீன் வள்ளத்திலை ஏறினதை என்ரை பேரன் கண்டவனாம்" எண்டு சொன்னா. புயல் முடிஞ்ச கடல். அலை இன்னும் ஆள் உயரம்.

பொழுதுபடேக்கை குசினி வாசலிலை வந்து நிண்டாள். தலையிலையிருந்து கால் மட்டும் நனைஞ்சு, பல்லுக் கிட்டிக்கொண்டு.

"அம்மா, வேலணைக்குப் போய்ப் பதிஞ்சிட்டன். அடிக்கிறதெண்டால் அடியுங்கோ."

அடிச்சனான். இந்தப் பத்தொன்பது வருசத்திலை கை வைக்காத பிள்ளைக்குக் கன்னத்திலை அடிச்சனான். அவள் அசையாமல் நிண்டாள். "பயமாத்தான் இருக்கம்மா, எனக்கும் பயம்தான்" எண்டாள். அதுக்குப் பிறகு எனக்குக் கை எழும்பேல்லை. ரண்டு பேரும் குசினி நிலத்திலை இருந்து கத்தியழுதம். பிறகு அவளுக்குத் தலை துவட்டி, மல்லித்தண்ணி வைச்சுக் குடுத்தன்.

கம்பஸ் திறக்கிற தேதி பிறகு சொல்லுவினமாம். அங்கை இன்னும் பிள்ளையள் வாசலை மறிச்சுக்கொண்டுதான் இருக்கினமாம். வந்தாளெண்டால் நேரை உங்கடை கையிலைதான் தருவன். அந்தக் கையை விட்டிடாதையுங்கோ.

ஜெனீற்றா

---

21.02.2023

அன்பின் ஜெனீற்றாவுக்கு,

பிள்ளை சுகமா வந்து சேந்திட்டாள். நீர் கட்டிவிட்ட புட்டை நானும் சாப்பிட்டன். பேக்கரி முதலாளிக்கும் ஒரு துண்டு குடுத்தது. தனிய இருக்கிறீர், படலையைப் பூட்டிப்போட்டுப் படும்.

தம்பியின்ரை வழக்கு வெள்ளிக்கிழமை எடுத்தவை. அவனோடை பிடிபட்ட மற்றப் பிள்ளையளுக்குப் பிணை குடுத்திட்டினம். எங்கடையவனுக்கு இல்லை. அவன்ரை போனிலை இன்னும் விசாரிக்க இருக்காம். சட்டத்தரணிப் பிள்ளை வெளியிலை வந்து என்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் நிண்டா. மற்றப் பிள்ளையளின்ரை தாய்மார் மக்களைக் கட்டிப்பிடிச்சு அழுதவை. அதிலை ஒரு தாய் வந்து என்ரை கையையும் பிடிச்சு அழுதவ. எனக்கு அழுகை வரேல்லை. அவன் வண்டியிலை ஏறேக்கை, "திங்கக்கிழமை அவளைக் கம்பஸுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோப்பா" எண்டு கத்தினவன். அவ்வளவுதான்.

நேற்றுத் திங்கக்கிழமை. நடந்ததை அப்பிடியே எழுதுறன். இனி உமக்கு ஒண்டையும் விட்டுவிட்டு எழுதிறேல்லையெண்டு முடிவெடுத்திட்டன்.

கம்பஸ் பெரிய வாசலை மறிச்சுப் பிள்ளையள் றோட்டிலை குந்தியிருந்தவை. சுத்திவரப் பொலிஸ். பிள்ளையளின்ரை கையிலை படங்கள். ஒரு பெட்டையின்ரை கையிலை எங்கடை தம்பி. ஏதோ அட்டையிலை இருந்த படத்தைப் பெருப்பிச்சிருக்கினம். கீழை சிங்களத்திலை பேர் எழுதி, தமிழிலையும் எழுதியிருந்தது. மிதுசான் எண்டு பிழையா எழுதியிருந்தது. பிணையிலை வந்தவைக்காக இல்லை. உள்ளுக்கை இருக்கிற அவனுக்காகத்தான் அண்டைக்கு இருந்தவை.

காவலாளி எங்களைக் கண்டு, புதுப் பிள்ளையளைப் பக்கவாசலாலை விடுறம், கெதியா வாங்கோ எண்டு கூப்பிட்டான். நான் பிள்ளையின்ரை கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நடந்தன். அவள் படத்தைப் பாத்துக்கொண்டே வந்தாள். அந்தப் பெட்டை என்ரை முகத்தைப் பாத்துப்போட்டு எழும்பி வந்தா. தெரிஞ்ச அளவு தமிழிலை கேட்டா:

"அப்பா, நீங்க மிதுஷன் வீடா? முகம் அதே மாதிரி."

பொலிஸ்காரன் திரும்பிப் பாத்தான்.

நான் சொன்னன்: "இல்லை."

ஜெனீற்றா, நான் இல்லையெண்டு சொல்லிப்போட்டன். பெரிய வெள்ளிப் பாடு வாசிக்கேக்கை, ஆண்டவரைத் தெரியாதெண்டு சொன்ன இராயப்பரை நினைச்சு எத்தினை வருசம் கோவிச்சிருப்பன். அந்தச் சொல் வாயிலையிருந்து எவ்வளவு லேசா விழுகுதெண்டு எனக்குத் தெரியாமல் போச்சு. அந்தப் பெட்டை மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போய்த் தன்ரை இடத்திலை இருந்திட்டா. படம் இன்னும் அவவின்ரை கையிலை.

பக்கவாசலடியிலை பிள்ளை என்ரை கையிலையிருந்து தன்ரை கையை மெல்ல எடுத்தாள். திரும்பிப் பாராமல் உள்ளுக்குப் போட்டாள். நான் றோட்டுக் கரையிலை ஒரு மரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். திரும்பிப் போகவும் ஏலேல்லை, கிட்டப் போகவும் ஏலேல்லை. வெயில் ஏறினது. அந்தப் பிள்ளையளுக்கு ஆரோ தண்ணிப் போத்தில் குடுத்தவை.

அலுவல் முடிச்சுப் பிள்ளை அதே பக்கவாசலாலை வெளியிலை வந்தாள். கையிலை கம்பஸ் கடதாசியள். நான் முன்னுக்குப் போனன். அவள் என்னைத் தாண்டி நேரை அந்தப் பெட்டையிட்டைப் போனாள். ஒரு கையாலை கடதாசியளை நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு, எல்லாருக்கும் கேக்கத்தக்கதாச் சொன்னாள்:

"நான் மிதுஷன்ரை தங்கச்சி. சுலக்சனா. அங்கை நிக்கிறார் எங்கடை அப்பா."

விரலாலை என்னைக் காட்டினாள். எல்லாப் பிள்ளையளும் திரும்பிப் பாத்தவை. பொலிஸ்காரனும் பாத்தான். ஒருத்தன் போனை எடுத்து எங்களைப் படம் பிடிச்சான். அந்தப் பெட்டை என்ரை பொய்யைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை. எழும்பி வந்து என்ரை முழங்கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய், "இருங்க அப்பா" எண்டா. பிள்ளையள் அரக்கி இடம் விட்டவை. இருந்தன். பிள்ளை எனக்குப் பக்கத்திலை இருந்தாள். என்னோடை அவள் இன்னும் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. ஆனா பக்கத்திலைதான் இருந்தாள்.

நாளைக்கு எங்களைப் பிடிப்பினமோ, பிள்ளையின்ரை பேரையும் எழுதி வைச்சிட்டினமோ, தெரியாது. அவளை மாட்டு டொக்டராக்கிப் பாப்பமோ அதுவும் தெரியாது. எனக்குச் சரியான பயமாக் கிடக்கு, ஜெனீற்றா. உங்கையும் வந்து கேப்பினம். என்ன சொல்லுறதெண்டது உம்முடைய விருப்பம். உமக்கு நான் ஒண்டும் சொல்லித்தர மாட்டன்.

சனிக்கிழமை தம்பியைப் பாக்கப் போறம். நான் அவனுக்குச் சொல்லவேணும், இல்லையெண்டு சொன்னதை. அவள் சொல்ல முதல் நான் சொல்லவேணும்.

உமக்காகவும் மன்றாடுற,
மிதுஷனுக்கும் சுலக்சனாவுக்கும் தகப்பன்,
மரியநாயகம்